அளக்கும் இடமும் எழுதும் இடமும்: மறுபதிவுத் தகடுகளில் லேசர் திறன்

எழுதி, அழித்து, மீண்டும் எழுதக்கூடிய ஒளித்தகடு ஒன்றைக் கணினியின் டிரைவில் இட்டுப் பதிவுக்கான ஆணையைக் கொடுத்தால் உடனே எழுத்து தொடங்கிவிடுவதில்லை. தகடு சுழல்கிறது, சிறு விளக்கு மினுக்குகிறது, திரையில் எதுவும் நகர்வதில்லை. பயன்படுத்துவோர் பலர் இதை வெறும் தாமதம் என்றே எண்ணினார்கள். ஆனால் அந்தச் சில நொடிகளுக்குள் டிரைவ் ஒரு முழுச் சோதனையை நடத்தி முடிக்கிறது. இந்தத் தகட்டில், இன்றைய வெப்பநிலையில், கேட்கப்பட்ட வேகத்தில் எழுதுவதற்கு லேசருக்கு எத்தனை மில்லிவாட் திறன் தரவேண்டும் என்ற கேள்விக்கு அது விடை தேடுகிறது. அந்த விடை எப்படிக் கிடைக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசர் திறனைத் துல்லியமாக அளப்பதற்கு ஏற்ற புள்ளி ஒன்று. நன்றாக எழுதுவதற்கு ஏற்ற புள்ளி வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்து, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு போகக் கற்றதுதான் இத்துறையின் மிகச் சிறந்த சாதனை. வேகம் கூடியதையும் கொள்ளளவு பெருகியதையும் எல்லோரும் பாராட்டுகிறோம். அவற்றை இயலச் செய்த இந்த அளவைமுறைக்கு உரிய மதிப்பு கிடைத்ததில்லை.

பொருளிலிருந்து தொடங்குவோம். மறுபதிவுத் தகட்டில் தகவலைத் தாங்குவது சில பத்து நானோமீட்டர் தடிப்புள்ள ஓர் உலோகக் கலவைப் படலம். 1968இல் அமெரிக்கரான ஸ்டான்ஃபர்ட் ஓவ்ஷின்ஸ்கி, டெல்லூரியம் கலந்த கண்ணாடிப் பொருள்கள் மின்தூண்டலால் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறி மீண்டும் திரும்புவதை அறிவித்தார். 1980களில் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தில் நொபொரு யமாதாவும் உடன் பணியாற்றியோரும் ஜெர்மானியம், ஆன்டிமனி, டெல்லூரியம் மூன்றும் சேர்ந்த கலவையை லேசரால் மிக விரைவாக நிலைமாற்ற முடியும் என்று காட்டினார்கள். 1997இல் சந்தைக்கு வந்த சிடி-ஆர்டபிள்யூ தகடுகளில் வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் சேர்ந்த கலவை பரவலாயிற்று. கலவை எதுவானாலும் அடிப்படை ஒன்றே. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிக நிலையில் படலம் ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும். ஒழுங்கு குலைந்த படிகமற்ற நிலையில் குறைவாகவே அனுப்பும். பளிச்சிடும் பரப்பில் மங்கிய குறிகள், அவற்றுக்கிடையே இடைவெளிகள். இந்த நீளங்களின் வரிசைதான் தகவல்.

குறி இட வேண்டுமானால் அந்த இடத்தை 500 முதல் 700 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி உருக்கி, அணுக்கள் ஒழுங்குக்குத் திரும்ப நேரம் தராமல் சடுதியில் குளிரவிட வேண்டும். குறியை அழிக்க வேண்டுமானால் சுமார் 200 பாகைக்கு மேலே, உருகுநிலைக்குக் கீழே, படிகமாகப் போதிய நேரம் அதைச் சூட்டில் நிறுத்த வேண்டும். ஆகவே லேசருக்கு மூன்று திறன்நிலைகள் தேவை. தொடக்க வேகங்களில் சிடி-ஆர்டபிள்யூ தகட்டில் எழுதுதிறன் 8 முதல் 14 மில்லிவாட். அழிதிறன் 4 முதல் 8 மில்லிவாட். வாசிக்கும்போது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. பழைய தகவலின் மேலேயே புதியதை எழுதும்போது அழிப்பதும் எழுதுவதும் ஒரே ஓட்டத்தில் நடக்கின்றன. லேசர் இடைவெளிகளில் அழிதிறனில் நின்று பழைய குறிகளைத் துடைக்கிறது. குறி வரவேண்டிய இடத்தில் எழுதுதிறனுக்குத் தாவுகிறது. அங்கேயும் ஒரே மூச்சில் எரிவதில்லை. நீண்ட குறியைத் தொடர்ந்து சுட்டால் வெப்பம் சேர்ந்து குறியின் வால்பக்கம் அகன்றுவிடும், உருகிய இடம் மெல்லக் குளிர்ந்து மீண்டும் படிகமாகிவிடும். அதனால் சிடி-ஆர்டபிள்யூவில் பதினொரு கடிகாரத் துடிப்பு நீளமுள்ள குறியைப் பத்துத் தனித்தனி ஒளித்துடிப்புகளால் தட்டித் தட்டி எழுதுகிறார்கள்; துடிப்புகளுக்கிடையே லேசர் ஏறத்தாழ அணைந்துவிடுகிறது. ஒற்றை வேகத்தில் தகடு நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் நகர்கிறது. ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒளிப்புள்ளி ஓர் இடத்தைக் கடக்க ஒரு மைக்ரோநொடிகூட ஆவதில்லை. 24 மடங்கு வேகத்தில் அந்த நேரம் சுமார் 35 நானோநொடியாகச் சுருங்குகிறது. உருகுவதும் உறைவதும் துடைக்கப்படுவதும் இதற்குள் நடந்தாக வேண்டும்.

இவ்வளவு நுட்பமான வேலைக்குத் தகட்டை உருவாக்கியவரே சரியான திறனை எழுதித் தந்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். எழுதித்தான் தருகிறார். தகட்டின் வரிப்பள்ளம் நேர்கோடாக ஓடாமல் நுண்ணளவில் நெளிந்து ஓடுகிறது. அந்த நெளிவின் அதிர்வெண்ணில் முகவரிகளோடு சில குறிப்பெண்களும் பொதிந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று உத்தேச எழுதுதிறன். ஆனால் அது தகட்டின் படலத்தை வந்தடைய வேண்டிய திறன். டிரைவின் லேசரிலிருந்து படலம் வரையிலான பாதையில் வில்லைகள் இருக்கின்றன, அவற்றில் தூசி படிகிறது, தகடு சற்றே சாய்ந்திருக்கிறது, பிளாஸ்டிக் அடித்தளத்தின் தடிப்பு இடத்துக்கிடம் வேறுபடுகிறது. லேசர் டயோடு சூடேறினால் அதன் அலைநீளம் நகர்கிறது. பழசானால் அதே ஒளியைத் தர அதிக மின்னோட்டம் கேட்கிறது. டிரைவுக்குள் இருக்கும் ஒளியளவி காட்டும் 12 மில்லிவாட் இன்னொரு டிரைவின் 12 மில்லிவாட்டுக்குச் சமம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மிதமான தீ என்று சமையல் குறிப்பு சொன்னாலும், கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்த்துத்தானே தோசை ஊற்றுகிறோம். அதுபோல டிரைவும் தன்னிடம் உள்ள தகட்டில், தன் லேசரால், அப்போதே எழுதிப் பார்த்தாக வேண்டும். இதற்கென்று தகட்டின் உள்விளிம்பில், பயனருக்குத் தெரியாத ஒரு சோதனைப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. டிரைவ் படிப்படியாகத் திறனை மாற்றி அங்கே எழுதி, எழுதியதைத் தானே வாசித்துப் பார்க்கிறது.

வாசிப்பில் எதைப் பார்ப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எளிதில் கிடைக்கும் அளவு, நீண்ட குறிக்கும் நீண்ட இடைவெளிக்கும் இடையே திரும்பி வரும் ஒளியில் உள்ள வேறுபாடு. அந்த வேறுபாட்டை மேல் எல்லை ஒளியால் வகுத்துப் பெறும் எண்ணை வேறுபாட்டளவு என்று அழைப்போம். திறன் மிகக் குறைவாக இருந்தால் படலம் உருகுவதேயில்லை, வேறுபாட்டளவு சுழியம். ஒரு வாசலைத் தாண்டியதும் குறிகள் தோன்றுகின்றன, வேறுபாட்டளவு செங்குத்தாக ஏறுகிறது. திறன் மேலும் கூடக் கூட ஏற்றம் தணிந்து, வளைகோடு மேட்டுநிலத்தைப் போலப் படுத்துக்கொள்கிறது. பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் தோன்றும் முடிவு, வேறுபாடு உச்சத்தில் இருக்கும் திறனையே எடுத்துக்கொள்ளலாம் என்பது. மறுபதிவுத் தகடுகளில் இந்த ஆசைக்குத் தனியே ஒரு காரணமும் உண்டு. அச்சிட்ட குறுந்தகடு தன்மேல் விழும் ஒளியில் 70 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. சிடி-ஆர்டபிள்யூ தகடு 15 முதல் 25 விழுக்காடுதான். கிடைக்கும் சமிக்ஞை நலிவாக இருக்கும்போது, இயன்ற அளவு அழுத்தி எழுதிவிடத்தான் மனம் சொல்லும்.

அந்த முடிவு இரண்டு வகையில் தவறு. முதலாவது, எழுத்தின் ஆயுள். ஒவ்வொரு முறை எழுதும்போதும் படலம் உருகுகிறது. அதை இருபுறமும் அணைத்திருக்கும் துத்தநாக சல்பைடு, சிலிக்கா கலந்த காப்புப் படலங்கள் விரிந்து சுருங்குகின்றன. உருகிய பொருள் வரியின் திசையில் இம்மியளவு நகர்கிறது. கலவையின் தனிமங்கள் மெல்லப் பிரிகின்றன. சிடி-ஆர்டபிள்யூ தகடு ஏறத்தாழ 1,000 முறை மறுபதிவைத் தாங்கும் என்பது தேவையான திறனில் எழுதும்போதுதான். தேவைக்கு மேல் தரும் ஒவ்வொரு மில்லிவாட்டும் அந்த எண்ணிக்கையைக் குறைக்கிறது, பக்கத்து வரியில் ஏற்கனவே இருக்கும் குறிகளின் ஓரங்களையும் சூடாக்கி அரிக்கிறது. சிடியில் வரிகளுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் இருந்தது. டிவிடியில் அது 0.74 ஆகவும் ப்ளூ-ரேயில் 0.32 ஆகவும் குறுகியபோது இந்த ஆபத்து பெருகியது. இரண்டாவது தவறு அளவியல் சார்ந்தது. என் வாதத்துக்கு இதுவே முக்கியம். மேட்டுநிலத்தின் மேல் வளைகோடு படுத்துக் கிடக்கிறது. அங்கே திறனைப் பத்து விழுக்காடு கூட்டினாலும் வேறுபாட்டளவு அசைந்துகொடுக்காது. அசையாத அளவைப் பார்த்து நாம் எங்கே நிற்கிறோம் என்று எப்படிச் சொல்வது? உச்சம் எங்கே என்று தேடும் கருவி, வாசிப்பில் உள்ள இரைச்சல் காட்டும் பொய்யான உச்சத்தில் போய் நிற்கும். ஆக, எழுத்துக்கு நன்மையான இடம் அளவுக்குக் கெட்ட இடமாகிறது. திறன் சற்றே முன்பின் ஆனாலும் எழுத்து கெடாது என்பதே அந்த இடத்தின் சிறப்பு. அதே காரணத்தால்தான் அங்கே அளக்க முடியாது.

சிடி-ஆர்டபிள்யூவுக்கான ஆரஞ்சு நூல் தரவிதியின் மூன்றாம் பகுதி கைக்கொண்ட வழி இந்த முரணை நேராக எதிர்கொள்கிறது. அது வளைகோட்டின் உயரத்தைப் பார்ப்பதில்லை, அதன் சரிவைப் பார்க்கிறது. சரிவை அப்படியே எடுக்காமல், திறன் ஒரு விழுக்காடு கூடினால் வேறுபாட்டளவு எத்தனை விழுக்காடு கூடுகிறது என்று கணக்கிடுகிறது. இந்த எண்ணுக்குக் காமா என்று பெயர். செங்குத்தான பகுதியில் காமா பெரியது. மேட்டுநிலத்தில் சுழியத்தை நெருங்குகிறது. தகடு தன் நெளிவில் ஓர் இலக்குக் காமாவைச் சொல்கிறது. டிரைவ் சோதனை எழுத்தில் காமா அந்த மதிப்பைத் தொடும் திறனைக் கண்டுபிடிக்கிறது. அந்த இடம் இன்னும் நல்ல சரிவில் இருப்பதால் அதைத் தெளிவாகக் குறிக்க முடிகிறது. பிறகு தகடு தரும் இரண்டாவது எண்ணான ரோவால் அந்தத் திறனைப் பெருக்கினால் எழுதுதிறன் கிடைக்கிறது. மூன்றாவது எண்ணான எப்சிலான், எழுதுதிறனில் எத்தனை பங்கு அழிதிறன் என்று சொல்கிறது. எளிய ஒரு மாதிரியைக் கொண்டு இதைப் பார்க்கலாம். வாசல் திறனை ஒன்று என்று வைத்துக்கொண்டு, வேறுபாட்டளவு அதன் உச்சத்திலிருந்து வாசலுக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தின் அளவுக்குக் குறைகிறது என்று கொண்டால், இலக்குக் காமா 1.5 ஆக இருக்கும்போது கிடைக்கும் திறன் வாசலைப்போல் 1.67 மடங்கு. ரோ 1.2 என்றால் எழுதுதிறன் வாசலைப்போல் இரண்டு மடங்கு. அங்கே காமா ஒன்றாக இறங்கிவிடுகிறது. அளந்தது உணர்வு மிக்க இடத்தில்; எழுதப்போவது உணர்வு குறைந்த இடத்தில்.

இம்முறையின் அழகு இதோடு முடிவதில்லை. டிரைவின் ஒளியளவி எல்லா மதிப்புகளையும் ஐந்து விழுக்காடு கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காமா விழுக்காட்டுக்கு விழுக்காடு பார்க்கும் எண்ணாகையால் அந்தப் பிழை அதில் புகுவதேயில்லை. வாசிக்கும் வில்லை மங்கலாக இருந்து வேறுபாட்டளவு முழுவதும் ஒரே விகிதத்தில் குறைந்து தெரிந்தாலும் காமா மாறாது. ரோவும் எப்சிலானும் தூய விகிதங்கள். அவற்றுக்கு அலகே கிடையாது. ஆகவே டிரைவ் தன் பிழைபட்ட மில்லிவாட்டிலேயே தொடங்கி, தன் பிழைபட்ட மில்லிவாட்டிலேயே முடித்து, சரியான வெப்பத்தைப் படலத்துக்குத் தந்துவிடுகிறது. ஒரு தொழிற்சாலையில் பிறந்த தகடும் வேறு நாட்டில் பிறந்த டிரைவும் ஒன்றையொன்று முன்பின் அறியாதவை. அவை பேசிக்கொள்ளும் மொழியில் மில்லிவாட் உத்தேசத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வருகிறது. முடிவைச் சொல்வன விகிதங்களே. இதை வகுத்தவர்களின் கூர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. முதல் எதிர்ப்பு: நமக்கு இறுதியில் வேண்டியது பிழையற்ற வாசிப்பு, அப்படியானால் குறிகளின் விளிம்புகள் இருக்கவேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு அலைகின்றன என்பதை, அதாவது ஜிட்டரை, நேரடியாக அளந்து அது மிகக் குறையும் திறனை எடுத்துக்கொண்டால் என்ன? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஜிட்டரின் வளைகோடு அகன்ற தொட்டியின் அடியைப் போன்ற வடிவம் கொண்டது. அடிப்புள்ளியைத் தேடுவது மறுபடியும் சரிவற்ற இடத்தில் அளப்பதே. அதோடு, ஜிட்டரில் எழுத்தின் குறையும் வாசிப்பின் குறையும் கலந்து வருகின்றன. டிரைவின் வில்லை சாய்ந்திருந்தால், தன் வாசிப்புக் குறையை ஈடுசெய்யும் வகையில் அது எழுத்தைக் கோணலாக்கிவிடும். வேறொரு கருவியில் இட்டு வாசிக்கும்போது அந்தக் கோணல் வெளிப்படும். இன்னொன்றும் உண்டு. மறுபதிவுத் தகட்டில் புதுப்பரப்பில் முதல்முறை எழுதியதன் ஜிட்டரும், அதன்மேல் இரண்டாம் முறை எழுதியதன் ஜிட்டரும் ஒன்றாக இருப்பதில்லை. பழைய குறிகளின் எச்சம் புதிய விளிம்புகளைத் தள்ளுகிறது. சோதனைப் பகுதியின் அந்த நேரத்து வரலாறு முடிவைத் திசைதிருப்பிவிடும். ஜிட்டரைக் கடைசித் திருத்தத்துக்கோ சரிபார்ப்புக்கோ பயன்படுத்துவதை நான் மறுக்கவில்லை. அடித்தளமாக அதை வைப்பது தவறு என்கிறேன்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலியது. டிரைவை நம்பவில்லை என்று சொல்லிவிட்டுத் தகட்டின் ரோவை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? நெளிவில் பொதிந்த எண்கள் தகட்டுக்குத் தகடு அளந்து எழுதப்பட்டவையும் அல்ல. பள்ளங்களும் நெளிவும் வார்ப்பு அச்சிலேயே இருக்கின்றன. பிளாஸ்டிக்கை அழுத்தி வார்த்த பிறகுதான் அதன்மேல் கலவைப் படலம் படியவைக்கப்படுகிறது. படலம் பிறக்கும் முன்பே அதைப் பற்றிய எண்கள் எழுதப்பட்டுவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் எந்த எண்கள் எழுதப்பட்டன என்று பாருங்கள். படலத்தின் தடிப்பு சற்று மாறினால் முதன்மையாக மாறுவது வாசல் திறன். அதைத்தான் டிரைவ் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்கிறது. வளைகோட்டின் பொதுவடிவமும் அதிலிருந்து எழும் விகிதங்களும் கலவையையும் அடுக்கமைப்பையும் பொறுத்தவை. ஒரே வகைத் தகடுகளுக்குள் அவை அவ்வளவாக மாறுவதில்லை. மாறக்கூடியதை அந்தந்த இடத்தில் அளக்க விட்டு, மாறாததை மட்டும் முன்கூட்டி எழுதியிருக்கிறார்கள். தரம் காக்காத தயாரிப்பாளர் தவறான ரோவை எழுதினால் இந்த முறை தோற்கும்.

மூன்றாவது எதிர்ப்பு இடம் பற்றியது. சோதனை நடப்பது உள்விளிம்பில். எழுத்து நீள்வதோ சிடியில் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தொடங்கி 58 மில்லிமீட்டர் வரை. வெளிப்பக்கம் போகப் போகத் தகட்டின் வளைவு கூடலாம், படலம் மெலியலாம். சுழற்சி வேகத்தை மாற்றாமல் எழுதும் டிரைவில் வெளிவிளிம்பின் நகர்வு வேகம் உள்விளிம்பைப்போல் 2.3 மடங்கு, அந்த வேகத்தை உள்ளே வைத்துச் சோதிப்பது எளிதன்று. ஒருமுறை மட்டும் எழுதும் சாயத் தகடுகளில், எழுதும் துடிப்பின்போதே திரும்பி வரும் ஒளியைக் கவனித்துத் திறனை ஓட்டத்தில் திருத்துகிறார்கள். மறுபதிவில் துடிப்புகள் மிகக் குறுகியவை, அடியில் பழைய எழுத்தும் கிடக்கிறது. எனவே அந்த வழி முழுமையாகக் கைகொடுப்பதில்லை. இந்த எதிர்ப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பிற்கால வடிவங்கள் வெளிவிளிம்பிலும் ஒரு சோதனைப் பகுதியைச் சேர்த்தது இந்தக் குறையை ஒப்புக்கொண்டதன் விளைவுதான். ஆனால் அங்கேயும் கண்டுபிடிக்கப்படுவது அதே இலக்குப் புள்ளி. பெருக்கப்படுவது அதே வகை விகிதம்.

காமா முறையின் மெய்யான பலவீனத்தை அதன் வழிவந்த முறையே சுட்டிக்காட்டியது. சரிவை அறிய அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும். வித்தியாசம் எடுத்தால் இரைச்சல் பெருகும். எழுதியழிக்கும் ப்ளூ-ரே தகடுகளில் இதைக் கடந்தார்கள். வேறுபாட்டளவைத் திறனோடு பெருக்கி, அந்தப் பெருக்கலைத் திறனுக்கு எதிராக வரைந்தால், வேலைசெய்யும் பகுதியில் புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் விழுகின்றன. அந்தக் கோட்டைக் கீழே நீட்டினால் அது சுழியத்தைத் தொடும் இடமே வாசல் திறன். பல புள்ளிகள் சேர்ந்து ஒரு கோட்டைத் தீர்மானிப்பதால் தனி அளவுகளின் தடுமாற்றம் அடங்கிவிடுகிறது. பிறகு கப்பா என்ற விகிதத்தால் பெருக்கி இலக்குத் திறனும், ரோவால் பெருக்கி எழுதுதிறனும் பெறப்படுகின்றன. 405 நானோமீட்டர் நீல ஒளியும் 0.85 எண்துளையும் கொண்ட அந்தத் தகட்டில் மிகச் சிறிய குறியின் நீளம் 0.149 மைக்ரோமீட்டர். சிடியில் அது 0.83. இவ்வளவு நெருக்கடியிலும் வழி மாறவில்லை. அதே எண்ணம் கணிதத்தில் இன்னும் செம்மையாயிற்று.

ஒளித்தகடே விடைபெறும் காலத்தில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சோனி நிறுவனம் பதிவுசெய்யும் ப்ளூ-ரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. ஆனால் லேசரால் சூடாக்கி எழுதும் கலை நின்றுவிடவில்லை. 2024 ஜனவரியில் சீகேட் அறிவித்த 30 டெராபைட் வன்தட்டுகள், எழுதும் இடத்தைப் பல பத்து நானோமீட்டர் அளவில் லேசரால் சூடாக்கிக்கொண்டே காந்தப்புலத்தால் எழுதுகின்றன. அங்கேயும் வெப்பம் குறைந்தால் எழுத்து பதியாது; கூடினால் பக்கத்து வரி கெடும், ஒளியைக் குவிக்கும் நுண்ணுறுப்பின் ஆயுளும் குறையும். அந்தத் துறையில் இருப்பவர்கள் எங்கே அளப்பது, எங்கே இயங்குவது என்ற பழைய கேள்வியை மீண்டும் எதிர்கொள்கிறார்கள்.

எழுதிய தகடுகளைக் காப்பவர்களுக்கும் இது இன்றைய பிரச்சினையே. டிரைவ் தயாரித்தவர்கள் பலர், தகடு சொல்லும் எண்களோடு நிற்காமல், தகட்டின் அடையாளக் குறியைப் படித்துத் தங்கள் நிலைநிரலில் வைத்திருந்த அட்டவணையிலிருந்து எழுதும் உத்தியை எடுத்தார்கள். சந்தை உயிரோடு இருந்தவரை புதிய தகடு வரும்போதெல்லாம் நிலைநிரலைப் புதுப்பித்தார்கள். விளைவும் நன்றாக இருந்தது. சந்தை ஓய்ந்ததும் அட்டவணை உறைந்துபோனது. அதற்குப் பின் வந்த தகட்டை அந்த டிரைவ் பொதுவான மதிப்பைக் கொண்டு ஒப்பேற்றுகிறது. தகட்டிலேயே பொதிந்த விகிதங்களுக்கும் அந்த இடத்துச் சோதனைக்கும் முதலிடம் தந்த டிரைவுக்கு இந்த நெருக்கடி இல்லை. ஆரஞ்சு நூல் உரிமம் பெற்றவர்களுக்கே கிடைத்தது. டிவிடி+ஆர்டபிள்யூவின் தரவிதியோ எக்மா-337 என்ற பெயரில் எவரும் கட்டணமின்றி எடுத்துப் படிக்கும்படி வெளியாகியிருக்கிறது. மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் அதை எடுத்து, ஒரு பழைய டிரைவின் ஒளி உணரியிலிருந்து வரும் சமிக்ஞையை அலைநோக்கியில் பார்த்து, காமா வளைகோட்டைத் தாங்களே வரைந்து பார்க்கலாம். அதற்கான டிரைவுகள் பழைய கணினிக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன.